எக்ஸ்டர்னல் டிவிடி ரைட்டர் பாதியில் நின்றால் எங்கே பார்ப்பது

லேப்டாப்பில் டிவிடி ரைட்டர் வைத்து விற்பது ஏறக்குறைய நின்றேவிட்டது. டிஸ்க்கின் தேவை மட்டும் நிற்கவில்லை. மதுரை ஒத்தக்கடையில் இருக்கும் உயர் நீதிமன்றக் கிளைக்குப் போகிற வழக்குக் கட்டோடு சிசிடிவி பதிவை டிஸ்க்கில் போட்டுக் கேட்கிறார்கள். ஸ்கேன் சென்டரில் கொடுத்த எம்ஆர்ஐ சிடியை இன்னொரு டாக்டரிடம் காட்ட ஒரு நகல் தேவைப்படுகிறது. உசிலம்பட்டிப் பக்கமோ மேலூர்ப் பக்கமோ கல்யாணத்துக்கு வீடியோ எடுப்பவர், பென்டிரைவ் கொடுத்த பிறகும் தாத்தா வீட்டு டிவிடி பிளேயருக்காக நாலு டிஸ்க் சேர்த்துத் தர வேண்டியிருக்கிறது. இவர்கள் எல்லோர் கையிலும் இன்று இருப்பது யூஎஸ்பியில் மாட்டும் மெல்லிய எக்ஸ்டர்னல் ரைட்டர்தான்.

அது இரண்டு டிஸ்க்கைக் கெடுத்தால் போதும், ‘ரைட்டர் போச்சு’ என்று முடிவுகட்டிப் புதிது வாங்கப் போய்விடுகிறார்கள். புதியதும் அதே இடத்தில் நிற்கும். காரணம், பெரும்பாலான நேரம் கோளாறு ரைட்டருக்கு வெளியே இருக்கிறது: அதற்குப் போகிற கரண்ட், அந்தக் கரண்டைக் கொண்டுபோகிற கேபிள், தட்டில் வைத்த காலி டிஸ்க். இந்த மூன்றையும் இதே வரிசையில் பார்த்துவிட்டுத்தான் ரைட்டரைச் சந்தேகிக்க வேண்டும்.

கரண்டிலிருந்து தொடங்குவோம், ஏனென்றால் இதைத்தான் யாரும் பார்ப்பதில்லை. யூஎஸ்பி 2.0 போர்ட் விதிப்படி கொடுக்க வேண்டியது 500 மில்லி ஆம்பியர், யூஎஸ்பி 3.0 போர்ட் கொடுக்க வேண்டியது 900 மில்லி ஆம்பியர். உங்கள் ரைட்டரைத் திருப்பி அடியில் ஒட்டியிருக்கும் லேபிளைப் பாருங்கள். 5 வோல்ட் என்பதற்குப் பக்கத்தில் 1 ஆம்பியரோ அதற்கு மேலோ போட்டிருப்பதுதான் வழக்கம். அது எப்போதும் இழுக்கும் அளவு அல்ல. மோட்டார் நின்ற நிலையிலிருந்து சுழன்று வேகம் பிடிக்கும்போதும், லேசர் எழுதத் தொடங்கும்போதும் சில விநாடிகள் இழுக்கும் உச்ச அளவு. படிக்கும்போது லேசருக்கு வேண்டிய சக்தியைப் போலப் பல மடங்கு எழுதும்போது வேண்டும். அதனால்தான் பழைய சிடி, டிவிடி எல்லாம் நன்றாக ஓடும் ரைட்டர், எழுதச் சொன்னவுடன் டிக் டிக் என்று சத்தம் போட்டு, கம்ப்யூட்டரிலிருந்தே காணாமல் போய், மறுபடி வந்து மாட்டிக்கொள்கிறது. விண்டோஸ் யூஎஸ்பியைக் கழற்றி மாட்டும் சத்தம் நடுவில் கேட்டால் வேறு எதையும் ஆராய வேண்டாம். அது கரண்ட் பற்றாக்குறை, அல்லது கேபிள்.

பல மதர்போர்டுகள் விதியில் சொன்னதைவிடக் கொஞ்சம் தாராளமாகவே கரண்ட் கொடுக்கும். ஒரே ரைட்டர் ஒரு கம்ப்யூட்டரில் ஓடி இன்னொன்றில் ஓடாததற்கு அதுதான் காரணம். டெஸ்க்டாப் என்றால் முன்பக்கப் போர்ட்டை விட்டுவிட்டு, பின்பக்கம் மதர்போர்டிலேயே இருக்கும் போர்ட்டில் மாட்டுங்கள். முன்பக்கப் போர்ட்டுக்கு கேபினெட்டுக்குள் மெல்லிய ஒயர் போகிறது, அதிலேயே கொஞ்சம் வோல்டேஜ் விழுந்துவிடும். எக்ஸ்டென்ஷன் கேபிள் கூடவே கூடாது. லேப்டாப்பில் சார்ஜரை மாட்டிவிட்டுத்தான் எழுத வேண்டும். பேட்டரியில் ஓடும்போது மின்சேமிப்பு அமைப்பு யூஎஸ்பியை இடையில் தூங்கவைத்துவிடக்கூடும். பவர் ஆப்ஷன்ஸில் யூஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்ட் என்று ஒன்று இருக்கும், அதை டிஸேபிள் செய்துவிடுங்கள். எழுதும் நேரத்தில் ஸ்லீப்பும் வேண்டாம்.

சில ரைட்டரோடு இரட்டைத் தலை கேபிள் வரும். ஒரு தலை டேட்டாவுக்கும் கரண்டுக்கும், இன்னொன்று கரண்டுக்கு மட்டும். இரண்டாவது தலையை மாட்டாமல் சுற்றிக் கட்டிவைத்திருப்பவர்கள்தான் அதிகம். இரண்டையும் மாட்டுங்கள். அப்படிக் கேபிள் இல்லையென்றால், தனி அடாப்டர் வைத்த யூஎஸ்பி ஹப் வாங்கலாம். அடாப்டர் 5 வோல்ட், 2 ஆம்பியராவது இருக்க வேண்டும். அடாப்டர் இல்லாத சாதா ஹப் எந்த உதவியும் செய்யாது. ஒரு போர்ட்டின் கரண்டை நாலாகப் பங்கு போடுகிற வேலையைத்தான் அது செய்யும். டைப் சி மட்டும் இருக்கும் லேப்டாப்பில் சின்னக் கன்வெர்ட்டர் போட்டு மாட்டலாம், ஆனால் அதே கன்வெர்ட்டரில் மவுஸ், பென்டிரைவ் எல்லாம் தொங்கக்கூடாது. ரைட்டரின் பக்கவாட்டில் வட்ட டிசி ஓட்டை இருந்தால் அதற்கு 5 வோல்ட் அடாப்டர்தான் போட வேண்டும். வீட்டு ரவுட்டரின் 12 வோல்ட் அடாப்டர் பின் அளவில் பொருந்திவிடும். மாட்டினால் உள்ளே இருக்கும் போர்டு அந்த நொடியே போய்விடும். தயவுசெய்து லேபிளைப் படித்துவிட்டு மாட்டுங்கள்.

கேபிளைப் பற்றி இன்னும் ஒன்று. பழைய ரைட்டரில் மினி யூஎஸ்பி முனை இருக்கும், புதியதில் அகலமான மைக்ரோ முனையோ டைப் சியோ இருக்கும். வீட்டில் கிடக்கும் ஏதாவது ஒரு சார்ஜிங் கேபிளை எடுத்து மாட்டினால் விளக்கு எரியும், தட்டு திறக்கும், கம்ப்யூட்டரில் மட்டும் எதுவும் தெரியாது. அந்தக் கேபிளில் டேட்டா ஒயரே இல்லாமல் இருக்கலாம். ரைட்டரோடு வந்த அரை மீட்டர்க் கேபிளை அதன் பெட்டியிலேயே போட்டுப் பத்திரமாக வைப்பது நல்லது. சில மாடலில் கேபிள் பிரிக்க முடியாதபடி உடம்போடு சேர்ந்திருக்கும். அடியில் இருக்கும் பள்ளத்தில் அதை மடக்கி மடக்கி வைத்து, வளைகிற இடத்தில் ஒயர் உள்ளுக்குள் அறுந்துபோகும். எழுதும்போது அந்த இடத்தைத் தொட்டால் நின்றுவிடுகிறது என்றால் அதுதான் கோளாறு.

இவ்வளவும் சரி, இன்னும் நிற்கிறது என்றால், எத்தனை சதவீதத்தில் நிற்கிறது என்று குறித்துவையுங்கள். டிவிடி உள்வட்டத்தில் தொடங்கி வெளிவட்டத்தை நோக்கி எழுதப்படுகிறது. அதனால் நின்ற சதவீதம் என்பது, முழு டிஸ்க் எழுதும்போது, டிஸ்க்கின் மேல் ஒரு இடம்.

தொடக்கத்திலேயே, ஒரு சதவீதம்கூட நகராமல் நின்றால் அது பவர் கேலிப்ரேஷன் கட்டம். எழுதத் தொடங்குவதற்கு முன் ரைட்டர், டிஸ்க்கின் உள்விளிம்பில் இதற்கென்றே ஒதுக்கிய இடத்தில் லேசரைப் பல அளவுகளில் சுட்டுப் பார்த்து, எந்த அளவு இந்த டிஸ்க்குக்குச் சரி என்று தீர்மானிக்கும். குழம்பை இறக்கும் முன் உள்ளங்கையில் ஒரு துளி விட்டு உப்புப் பார்ப்பது போன்றதுதான். எந்த அளவும் சரிப்படவில்லை என்றால் பவர் கேலிப்ரேஷன் ஏரியா எரர் என்று வரும், எண்ணாகப் பார்த்தால் 73/03. இதற்கு மூன்று காரணம் இருக்க முடியும்: ரைட்டருக்குக் கரண்ட் போதவில்லை, டிஸ்க்கின் சாயம் (டேட்டா பதியும் பூச்சு) ரைட்டருக்குப் புரியாத ரகம், அல்லது லேசர் தளர்ந்துவிட்டது. கரண்டை ஏற்கெனவே சரிசெய்துவிட்டீர்கள் என்றால், வேறு கம்பெனி டிஸ்க் ஒன்று போட்டுப் பாருங்கள். அதுவும் நின்றால் லேசர்.

50 சதவீதத்தைத் தாண்டி, 70, 90 என்று வெளிவட்டத்தில் நின்றால் கதை வேறு. மெல்லிய ரைட்டர் பெரும்பாலும் உள்ளே மெதுவாகத் தொடங்கி வெளியே போகப் போக வேகத்தை ஏற்றும். 8எக்ஸ், அதாவது அடிப்படை வேகத்தைப் போல 8 மடங்கு, என்று போட்டிருப்பது வெளிவட்டத்தில் தொடும் உச்சம். மலிவான டிஸ்க்கில் சாயப் பூச்சு விளிம்பில்தான் சீராக இருக்காது. டிஸ்க் லேசாக வளைந்திருந்தாலும் அந்த வளைவு அதிகம் தெரிவது விளிம்பில்தான். வேகமும் கூடி, டிஸ்க்கும் மோசமாகும் இடம் அது. வேகத்தைக் குறைப்பதுதான் மருந்து. அதோடு, 4.3 ஜிபி வரை அடைக்காமல் 4 ஜிபியோடு நிறுத்திக்கொள்வதும் உதவும். விளிம்பின் கடைசி சில மில்லிமீட்டரைத் தொடாமலேயே வேலை முடிந்துவிடும்.

100 சதவீதம் வந்து, ‘ஃபைனலைஸிங்’ (எழுதிய டிஸ்க்கை மூடும் கட்டம்) என்ற இடத்தில் நின்று கொண்டே இருந்தால் அவசரப்பட்டுக் கேபிளை உருவாதீர்கள். சின்ன ஃபைல் ஒன்று, 50 எம்பிதான் எழுதினோம், ஏன் இவ்வளவு நேரம் என்று தோன்றும். டிவிடியில் எழுதிய பகுதி குறைந்தது 70 மில்லிமீட்டர் விட்டம் வரையாவது இருக்க வேண்டும் என்பது விதி, அப்போதுதான் பிளேயர்களின் லேசர் பிடிமானம் இழக்காமல் ஓடும். டேட்டா குறைவாக இருந்தால் மிச்சத்தை ரைட்டரே வெறுமையாக எழுதி நிரப்பும். அதற்குச் சில நிமிடம் ஆகும். அந்த நிமிடங்களில் உருவப்பட்ட டிஸ்க்தான், உங்கள் ரைட்டரில் ஓடி வேறு எங்கும் ஓடாத டிஸ்க்.

காலி டிஸ்க்கைப் பற்றி மனம் திறந்து சொல்ல வேண்டியிருக்கிறது. ஒரு காலத்தில் நம் ஊர்க் கடைகளில் மோசர் பேயர் டிஸ்க் மலையாகக் குவிந்திருந்தது. அந்த இந்தியக் கம்பெனியைக் கலைக்க 2018-இல் கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயம் உத்தரவிட்டுவிட்டது. ஜப்பானின் தாயோ யூடென் 2015-இல் இந்தத் தொழிலை விட்டது. வெர்பேட்டிம் என்ற பெயர் மிட்சுபிஷி கெமிக்கலிடமிருந்து தைவானின் சிஎம்சி கம்பெனிக்கு 2019-இல் கைமாறியது. டிஸ்க் செய்பவர்கள் குறைந்துவிட்டார்கள், கடையில் கிடைப்பதில் ஒரு பகுதி பல வருடம் அலமாரியில் வெயிலும் புழுக்கமும் பட்ட பழைய சரக்கு. எழுதப்படாத டிஸ்க்கும் வயதாகும், ஏனென்றால் உள்ளே இருப்பது ஒளிக்கும் சூட்டுக்கும் மாறக்கூடிய ஆர்கானிக் சாயம். பாலித்தீன் உறையில் தனித்தனியாகத் தொங்கும் ஒற்றை டிஸ்க்கை வாங்குவதைவிட, சீல் பிரிக்காத 50 டிஸ்க் டப்பா வாங்குவது நல்லது. தேவை குறைவென்றால் 10 டிஸ்க் டப்பா. வாங்கிய அன்றே ஒன்றை எழுதிப் பார்த்துவிட்டால், டப்பா முழுக்க எப்படி என்று தெரிந்துவிடும்.

டப்பாவின் மேல் அச்சடித்த பெயரை நம்ப வேண்டாம். உள்ளே யார் செய்தது என்பதை டிஸ்க்கே சொல்லும். ஒவ்வொரு காலி டிஸ்க்கிலும் தயாரிப்பாளர் அடையாளம் முன்கூட்டியே பதிந்திருக்கும். இம்க்பர்ன் என்ற இலவச மென்பொருளைத் திறந்து டிஸ்க்கைப் போட்டால் வலது பக்கக் கட்டத்தில் அது தெரியும். ரைட்டருக்குள்ளேயே பதிந்திருக்கும் மென்பொருளான ஃபர்ம்வேரில் ஒவ்வொரு அடையாளத்துக்கும் எப்படி எழுத வேண்டும் என்ற குறிப்பு இருக்கிறது. பட்டியலில் இருக்கும் டிஸ்க் என்றால் அதற்கென்று வகுத்த முறையில் எழுதும், இல்லாத டிஸ்க் என்றால் பொதுவான ஒரு முறையில் ஒப்பேற்றும். ஒரே விலை, ஒரே நிறம் உள்ள இரண்டு டிஸ்க்கில் ஒன்று எப்போதும் எழுத, இன்னொன்று எப்போதும் கெடுவது இதனால்தான். உங்கள் ரைட்டரில் ஒழுங்காக எழுதும் அடையாளம் ஒன்று கிடைத்துவிட்டால் அதைக் குறித்துவைத்து, அதையே தேடி வாங்குங்கள். அதே கட்டத்தில் அந்த டிஸ்க்கை அந்த ரைட்டர் எந்தெந்த வேகத்தில் எழுதும் என்பதும் இருக்கும்.

வேகம் என்று வரும்போது, ‘எவ்வளவு மெதுவோ அவ்வளவு நல்லது’ என்று ஒரு பேச்சு பரவலாக உண்டு. டிவிடிக்கு அது முழு உண்மை இல்லை. 16எக்ஸ் என்று செய்த டிஸ்க்கின் சாயம் வேகமான, சுருக்கென்ற லேசர் அடிக்கு ஏற்பக் கலந்தது. 1எக்ஸ், 2எக்ஸில் எழுதினால் நன்றாக வருவதற்குப் பதில் மோசமாகவே வரலாம், பல ரைட்டர்கள் அந்த வேகத்தைக் கொடுப்பதே இல்லை. மெல்லிய ரைட்டரில் 4எக்ஸ் அல்லது 6எக்ஸ் வைத்துக்கொள்வதுதான் எங்கள் பரிந்துரை. டிவிடியில் 1எக்ஸ் என்பது விநாடிக்கு 1.385 எம்பி. 4எக்ஸில் முழு டிஸ்க் எழுத 15 நிமிடம் ஆகும், 8எக்ஸில் 10 நிமிடம். 5 நிமிட லாபத்துக்காக ஒரு டிஸ்க்கைப் பணயம் வைக்க வேண்டாம். மென்பொருளில் வேகம் ‘மேக்ஸ்’ என்றோ ‘ஆட்டோ’ என்றோ இருந்தால் மறக்காமல் மாற்றுங்கள்.

வெயிலையும் கணக்கில் எடுக்க வேண்டும். அக்னி நட்சத்திரத்தில், ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஸ்டுடியோவில், மதியம் இரண்டு மணிக்கு வரிசையாகப் பத்து டிஸ்க் எழுதினால் நாலாவது ஐந்தாவதிலிருந்து கெடத் தொடங்கும். லேசர் டையோடு சூடாகச் சூடாக, அதே ஒளியைத் தர அதிகக் கரண்ட் கேட்கும். அதன் ஒளியின் அலைநீளமும் லேசாக நகரும், சாயம் அதை வாங்கிக்கொள்ளும் விதமும் மாறும். ஏற்கெனவே யூஎஸ்பி கரண்டில் திணறிக்கொண்டிருக்கும் ரைட்டருக்கு இது கூடுதல் சுமை. இரண்டு டிஸ்க்குக்கு ஒரு முறை பத்து நிமிடம் தட்டைத் திறந்து ஆறவிடுங்கள். மொத்தமாக எழுத வேண்டிய வேலையைக் காலை நேரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். ரைட்டரை மெத்தை மேலோ, துணி மேலோ, அதிர்ந்துகொண்டிருக்கும் கேபினெட் தலையிலோ வைக்காமல், சமமான மேசையில் தட்டையாக வையுங்கள்.

தட்டில் டிஸ்க்கை வைப்பதிலும் தப்பு நடக்கிறது. டெஸ்க்டாப் ரைட்டர் போல மேலே வைத்துத் தள்ளினால் போதாது. மெல்லிய ரைட்டரின் நடுக்குமிழில் மூன்று சின்னப் பிடிகள் இருக்கும். தட்டுக்கு அடியில் ஒரு கையைக் கொடுத்துத் தாங்கிக்கொண்டு, டிஸ்க்கின் நடுவட்டத்தை இரண்டு விரலால் அழுத்தினால் ‘க்ளிக்’ என்று உட்காரும். உட்காராத டிஸ்க் உள்ளே கரகரவென்று உரசும், கீறலும் விழும். அடியில் கை கொடுக்காமல் அழுத்தினால் தட்டின் தண்டவாளம் வளையும்.

இப்போது மென்பொருள். விண்டோஸில் காலி டிஸ்க் போட்டதும் இரண்டு வழி கேட்கும்: ‘லைக் எ யூஎஸ்பி ஃப்ளாஷ் டிரைவ்’, ‘வித் எ சிடி/டிவிடி பிளேயர்’. முதலாவதைத் தேர்ந்தால் டிஸ்க் பென்டிரைவ் போல நடந்துகொள்ளும், ஃபைலை இழுத்துப் போடலாம், ஆனால் டிவிடி பிளேயரிலும் பல பழைய கம்ப்யூட்டரிலும் திறக்காது. யாருக்காவது கொடுக்கப்போகும் டிஸ்க் என்றால் எப்போதும் இரண்டாவதுதான். இந்த இரண்டாவது முறையில் விண்டோஸ், எழுத வேண்டியதை முதலில் சி டிரைவில் ஒரு தற்காலிக ஃபோல்டரில் சேர்த்துவைக்கும். சி டிரைவில் 5 ஜிபியாவது காலி இல்லையென்றால் காரணம் விளங்காத எரரில் நின்றுவிடும். ‘ஃபைல்ஸ் வெயிட்டிங் டு பி பர்ன்ட்’ என்று பழைய மிச்சம் கிடந்தால் டிரைவின் மேல் ரைட் கிளிக் செய்து டெம்ப்ரரி ஃபைல்களை அழித்துவிட்டுத் தொடங்குங்கள்.

எழுதப்போகும் ஃபைல்களை முதலில் கம்ப்யூட்டரின் சொந்த டிஸ்க்குக்கு நகல் எடுத்துவிடுங்கள். பென்டிரைவிலிருந்தோ மொபைலிலிருந்தோ நேராக ரைட்டருக்கு அனுப்பினால், இரண்டும் ஒரே ஹப்பில் இருக்கையில் ஓட்டம் தடைபடும். டேட்டா வராமல் டிஸ்க் கெடுவதைத் தடுக்க ரைட்டர்களில் பாதுகாப்பு இருக்கிறது, 2000-இலேயே வந்துவிட்ட நுட்பம் அது. ஆனால் அடிக்கடி நின்று நின்று தொடர்ந்த டிஸ்க்கில், ஒட்டுப்போட்ட ஒவ்வொரு இடமும் பலவீனமான இடம்தான். இன்னொன்று, பென்டிரைவ் ஃபேட்32 முறையில் ஃபார்மேட் ஆகியிருந்தால் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றை ஃபைல் அதில் ஏறவே ஏறாது. ‘டிவிடி இமேஜ் (முழு டிஸ்க்கையும் ஒரே ஃபைலாக்கியது) பென்டிரைவில் வரமாட்டேன் என்கிறது’ என்பவர்கள் பென்டிரைவை எக்ஸ்ஃபேட்டுக்கு மாற்றினால் போதும்.

கொள்ளளவு பற்றியும் ஒரு குழப்பம் தீரட்டும். 4.7 ஜிபி என்பது 470 கோடி பைட். விண்டோஸ் எண்ணுகிற கணக்கில் அது 4.38 ஜிபிதான். டிவிடி மைனஸ் ஆர் வகையில் 4,70,73,19,808 பைட், டிவிடி ப்ளஸ் ஆர் வகையில் 4,70,03,72,992 பைட். இரண்டுக்கும் ஏறக்குறைய 7 எம்பி வித்தியாசம். ஒன்றில் அடங்கிய இமேஜ் இன்னொன்றில் ‘இடம் போதாது’ என்று நிற்பது இதனால்தான்.

இம்க்பர்னின் கடைசிப் பதிப்பு 2.5.8.0, 2013-இல் வந்தது. அதற்குப் பிறகு புதுப்பிக்கப்படவில்லை என்றாலும் விண்டோஸ் 10, 11 இரண்டிலும் ஓடுகிறது, இன்றும் இந்த வேலைக்கு அதைவிடத் தெளிவாகப் பேசும் கருவி இல்லை. நிறுவும்போது கூடவே வேறு எதையாவது சேர்க்கக் கேட்டால் மறுத்துவிடுங்கள். அதன் பதிவேட்டில் என்ன நடந்தது என்று வரிவரியாக இருக்கும். ‘செமஃபோர் டைம்அவுட்’ என்று வந்தால் யூஎஸ்பி இணைப்பில் கோளாறு, கேபிளையும் போர்ட்டையும் மாற்றுங்கள். ‘நோ சீக் கம்ப்ளீட்’ என்று வந்தால் டிஸ்க் மோசம். ‘செஷன் ஃபிக்ஸேஷன் எரர்’ என்று வந்தால் எழுதி முடித்து மூட முடியவில்லை. டூல்ஸ் மெனுவில் டிஸ்க்கை மூடும் கட்டளை கொடுத்துப் பார்க்கலாம், சில நேரம் அந்த டிஸ்க் தப்பிவிடும். லினக்ஸ்காரர்களுக்குக் கே3பி என்ற மென்பொருள் போதும்.

டெஸ்ட் மோட் என்று ஒன்று உண்டு. லேசரை எழுதும் அளவுக்கு ஏற்றாமல் வெறுமனே ஓட்டிப் பார்ப்பது. சிடியிலும் டிவிடி மைனஸ் ஆரிலும் செய்யலாம், ப்ளஸ் ஆரில் செய்ய முடியாது. டேட்டா ஓட்டம் சரியா என்று பார்க்க உதவும். ஆனால் லேசருக்கு முழுக் கரண்ட் போகாததால், கரண்ட் பற்றாக்குறையை அது காட்டிக்கொடுக்காது. டெஸ்டில் தேறிவிட்டது, நிஜத்தில் கெட்டுவிட்டது என்றால் மறுபடியும் கரண்டைப் பாருங்கள்.

காலி டிஸ்க்கைப் போட்டிருக்கிறோம், ஆனாலும் ‘டிஸ்க் போடுங்கள்’ என்றே கேட்கிறது என்றால்? முதலில் ரைட்டரின் முகப்பில் என்ன அச்சிட்டிருக்கிறது என்று பாருங்கள். படிக்க மட்டும் செய்யும் டிவிடி ரோமும், சிடி மட்டும் எழுதும் காம்போவும் செகண்ட்ஹேண்டில் புழங்குகின்றன. எழுதும் ரைட்டர்தான் என்றால் சிடியைப் போட்டுச் சோதியுங்கள். சிடிக்கு 780 நானோமீட்டர் லேசர், டிவிடிக்கு 650 நானோமீட்டர் லேசர். ஒரே கண்ணுக்குள் இரண்டும் தனித்தனி. சிடி எழுதி, டிவிடி மட்டும் அடியோடு தெரியவில்லை என்றால் டிவிடி லேசர் போய்விட்டது, மராமத்துக்கு வழியில்லை. இரண்டுமே தடுமாறினால் லென்ஸில் தூசி. நம் ஊர்த் தூசியில் இது வெகு சாதாரணம். மெல்லிய ரைட்டரில் தட்டைத் திறந்தாலே லென்ஸ் கண்ணுக்குத் தெரியும். கேபிளைக் கழற்றிவிட்டு, காது குடையும் பஞ்சுக் குச்சியில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலை ஈரமாகும் அளவுக்கு மட்டும் தொட்டு, அழுத்தாமல் ஒருமுறை வருடி எடுங்கள். லென்ஸ் மெல்லிய கம்பிகளில் மிதக்கிறது, அழுத்தினால் போச்சு. வாயால் ஊதாதீர்கள், எச்சில் துளி தூசியைவிட மோசம். கேபிள் இல்லாமல் தட்டு திறக்க வேண்டுமென்றால் முகப்பில் ஊசித் துளை இருக்கும், நேராக்கிய ஜெம் கிளிப்பை விட்டு அழுத்தலாம்.

கம்ப்யூட்டரில் ரைட்டரே தெரியவில்லை என்றால் டிவைஸ் மேனேஜரைத் திறந்து டிவிடி டிரைவ் பகுதியைப் பாருங்கள். மஞ்சள் முக்கோணம் இருந்தால் அந்த டிவைஸை அன்இன்ஸ்டால் செய்து, ரைட்டரைக் கழற்றி, ரீஸ்டார்ட் செய்துவிட்டு மாட்டுங்கள். விண்டோஸ் தானே டிரைவரைப் போட்டுக்கொள்ளும். சிடி டிரைவர் என்று தனியாக எதையும் இணையத்தில் தேடி இறக்க வேண்டியதில்லை, அப்படித் தருகிற தளங்களை ஒதுக்குங்கள். டிவைஸ் மேனேஜர் காட்டும் பெயரும் ஒரு செய்தி சொல்லும். வெளியே எந்தப் பெயர் ஒட்டியிருந்தாலும், ஹெச்எல்-டிடி-எஸ்டி என்று இருந்தால் ஹிட்டாச்சி-எல்ஜி, டிஎஸ்எஸ்டிகார்ப் என்றால் தோஷிபா-சாம்சங், மாட்ஷிட்டா என்றால் பானசோனிக். பெயரில்லாத மலிவு ரைட்டர் பலவற்றில் உள்ளே இருப்பது லேப்டாப்பில் மாட்டும் டிரைவும், அதை யூஎஸ்பிக்கு மாற்றும் சின்ன போர்டும்தான். போர்டு போய் டிரைவ் நன்றாக இருந்தால், அந்த டிரைவை வேறு காலிக் கூட்டில் போட்டு ஓட்டலாம்.

கல்யாண வீடியோவில் நடக்கும் தவறு எழுதுவதில் அல்ல, தயாரிப்பில். எம்பி4 ஃபைலை அப்படியே டிஸ்க்கில் போட்டால் அது டேட்டா டிஸ்க், பழைய டிவிடி பிளேயர் அதைத் தொடாது. டிவிடி வீடியோவாக ஆத்தரிங் செய்ய வேண்டும்: எம்பெக்-2, நம் ஊர் டிவியின் பால் (PAL) முறையில் 720க்கு 576, விநாடிக்கு 25 ஃபிரேம். ஒரு டிஸ்க்கில் 2 மணி நேரம் வைத்தால் ஒலியும் சேர்த்து விநாடிக்கு 5 மெகாபிட் கிடைக்கும், பார்க்க நன்றாக இருக்கும். 3 மணி நேரத்தைத் திணித்தால் 3.5 மெகாபிட்டுக்குக் கீழே இறங்கி, நாதஸ்வரக்காரர் முகமும் மாலையும் கட்டம் கட்டமாக உடையும். முகூர்த்தம் ஒரு டிஸ்க், வரவேற்பு ஒரு டிஸ்க் என்று பிரியுங்கள். 8.5 ஜிபி இரட்டை அடுக்கு டிஸ்க்கைக் கைவிடுங்கள். விலை அதிகம், மெல்லிய ரைட்டரில் கெடும் வாய்ப்பும் அதிகம், அடுக்கு மாறும் இடத்தில் பழைய பிளேயர் திக்கும். டிஸ்க்கின் மேல் காகித ஸ்டிக்கர் ஒட்டாதீர்கள். சமநிலை கெட்டு அதிரும், நம் வெயிலில் பசை இளகி ஒரு ஓரம் தூக்கும், பிளேயருக்குள் சிக்கும். சிடி மார்க்கரில் எழுதினால் போதும். சிடியில் பால்பாயிண்ட் பேனா தொடவே கூடாது, அதில் சாயம் லேபிள் பக்கத்துக்கு ஒட்டியே இருக்கிறது.

ஸ்கேன் சிடியின் நகலுக்கு, ஃபைலை இழுத்துப் போடாமல், முழு டிஸ்க்கையும் இமேஜாக எடுத்து அதையே எழுதுங்கள். டைகாம் என்ற மருத்துவ ஃபார்மேட்டில் இருக்கும் படங்களோடு அவற்றைத் திறக்கும் அட்டவணையும் பார்வை மென்பொருளும் அதே அமைப்பில் இருந்தால்தான் டாக்டரின் கம்ப்யூட்டரில் திறக்கும். ஃபைல் பெயர் தமிழில் இருந்தால் எழுதுவதற்குத் தடையில்லை, ஆனால் டிஸ்க்கில் ஃபைல் பெயரைப் பதியும் ஜோலியட் முறையில் பெயருக்கு 64 எழுத்துதான், கொம்பும் காலும் புள்ளியும் தனித்தனியாக எண்ணப்படும். டிவிடி பிளேயரின் திரையில் அது வெறும் கட்டங்களாகத் தெரியும்.

எழுதி முடித்ததோடு வேலை முடிந்ததாக நினைக்காதீர்கள். வெரிஃபை கட்டாயம். எழுதும்போது ரைட்டர் தான் எழுதியதைத் திரும்பப் படித்துப் பார்ப்பதில்லை. ‘வெற்றி’ என்று திரையில் வந்தாலும் அதற்குப் பொருள், எழுதும் கட்டளை தடையில்லாமல் போய்ச் சேர்ந்தது என்பது மட்டுமே. விண்டோஸின் இமேஜ் பர்னரிலும், இம்க்பர்னிலும், கே3பியிலும் வெரிஃபைக்கு டிக் இருக்கிறது. இங்கே மெல்லிய ரைட்டருக்கே உரிய ஒரு தொல்லை வரும். வெரிஃபைக்கு முன் மென்பொருள் தட்டைத் திறந்து மூடப் பார்க்கும். டெஸ்க்டாப் ரைட்டர் தானே மூடிக்கொள்ளும், மெல்லியதில் அதற்கு மோட்டார் இல்லை. தட்டு வெளியே நீட்டியபடி நிற்க, மென்பொருள் காத்திருக்க, ‘ஹேங் ஆகிவிட்டது’ என்று மூடிவிடுகிறார்கள். கையால் தள்ளிவிடுங்கள், வெரிஃபை தொடரும். அதன் பிறகு முடிந்தால் இன்னொரு கம்ப்யூட்டரில், இன்னொரு ரைட்டரில் ஒருமுறை திறந்து பாருங்கள். எழுதிய ரைட்டர் தன் எழுத்தைச் சுலபமாகப் படித்துவிடும், மற்றவை படிக்குமா என்பதுதான் கேள்வி.

நீதிமன்றத்துக்குப் போகும் டிஸ்க்கில் இது இன்னும் முக்கியம். 2024 ஜூலை 1 முதல் மின்னணுப் பதிவைச் சாட்சியமாகக் கொடுப்பது பற்றிய பழைய சாட்சியச் சட்டத்தின் 65பி பிரிவுக்குப் பதிலாகப் பாரதிய சாக்ஷிய அதிநியத்தின் 63-ஆம் பிரிவு வந்திருக்கிறது. டிஸ்க்கோடு இணைக்கும் சான்றிதழில் ஹேஷ் மதிப்பையும் (ஃபைலின் கைரேகை போன்ற எழுத்து-எண் வரிசை), அது எந்த முறையில் கணக்கிடப்பட்டது என்பதையும் குறிக்க வேண்டும். எழுதுவதற்கு முன் ஃபைலின் ஷா-256 மதிப்பை எடுங்கள். செவன்-ஸிப் நிறுவியிருந்தால் ரைட் கிளிக் மெனுவிலேயே இருக்கிறது, இல்லையென்றால் பவர்ஷெல்லில் கெட்-ஃபைல்ஹேஷ் கட்டளை போதும். எழுதிய பிறகு டிஸ்க்கில் இருக்கும் ஃபைலுக்கும் அதே மதிப்பை எடுத்து ஒப்பிடுங்கள். ஓர் எழுத்து மாறினாலும் அந்த டிஸ்க்கைக் கொடுக்காதீர்கள். சிசிடிவி பதிவைச் சின்னதாக்கவோ வேறு ஃபார்மேட்டுக்கு மாற்றவோ கூடாது, கேமராப் பதிவுப் பெட்டியான டிவிஆர் கொடுத்த ஃபைலே அப்படியே போக வேண்டும். மாற்றினால் ஹேஷ் மாறிவிடும். டிவிஆரின் சொந்த ஃபார்மேட் என்றால் அதைத் திறக்கும் பிளேயரையும் அதே டிஸ்க்கில் சேருங்கள். மறுபடி எழுதக்கூடிய ஆர்டபிள்யூ டிஸ்க் இதற்கு வேண்டாம், ஒருமுறை மட்டும் எழுதும் ஆர் டிஸ்க்கை ஃபைனலைஸ் செய்து கொடுங்கள். எத்தனை நகல், சான்றிதழில் யார் கையெழுத்து என்பதை வக்கீலிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

ரைட்டரை மாற்ற வேண்டிய கட்டம் எப்போது என்றால்: தனி அடாப்டர் ஹப்பில், சொந்தக் கேபிளில், லென்ஸ் துடைத்து, நல்ல டப்பாவிலிருந்து இரண்டு வெவ்வேறு அடையாளமுள்ள புது டிஸ்க்கை 4எக்ஸில் எழுதியும் கேலிப்ரேஷனிலேயே நின்றால். அப்போது தயங்க வேண்டாம். புதியது வாங்கும்போது கடையிலேயே ஒரு முழு டிஸ்க்கை, 4 ஜிபிக்குக் குறையாமல், உங்கள் லேப்டாப்பிலேயே எழுதி வெரிஃபை செய்து காட்டச் சொல்லுங்கள். 100 எம்பி எழுதிக் காட்டுவது உள்வட்டத்தை மட்டுமே காட்டும். பில்லையும், கூட வந்த அந்த அரை மீட்டர்க் கேபிளையும் மறக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள்.